முடிவில்லாக் கதை: முற்பாதி இழுத்துக்கொண்டது, பிற்பாதி ஏன் சோர்வூட்டுகிறது?

பழுப்புத்தாள் எழுதியது:

மிஹாயேல் எண்டே 1979இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘முடிவில்லாக் கதை’ நாவலை, ரால்ஃப் மான்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டு மாதங்களாகப் படித்துவந்தோம். ஆறு பேர் தொடங்கினோம். நால்வர் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய நால்வரும் ஏறத்தாழ ஒரே இடத்தில், அதாவது பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டி ஓரிரு அத்தியாயங்கள் சென்றதும் நிறுத்தினார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. முடித்த இருவரில் நான் ஒருத்தி; நானும் பிற்பாதியை ஆர்வத்தால் முடிக்கவில்லை, பிடிவாதத்தால் முடித்தேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாயை இழந்தவனும், உடல் பருத்தவனும், பள்ளியில் ஓயாத கேலிக்கு ஆளாகிறவனுமான பாஸ்டியன் என்ற சிறுவன், பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு புத்தகத்தைத் திருடிக்கொண்டுபோய், பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளிந்து படிக்கிறான். புத்தகத்துக்குள் ஃபன்டாஸ்டிகா என்ற நாட்டை ‘இன்மை’ சிறிது சிறிதாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. நாட்டின் உயிராகிய குழந்தைப் பேரரசி நோயுற்றிருக்கிறாள். அவளுக்கு மருந்து தேடி அட்ரேயு என்ற வேட்டைக்காரச் சிறுவன் புறப்படுகிறான். அவளுக்குப் புதிய பெயர் வேண்டும் என்பதும், அந்தப் பெயரைச் சூட்டக்கூடியவன் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் மனிதப் பிள்ளையே என்பதும் தெரியவரும்போது, படிப்பவனுக்கும் படிக்கப்படுவதற்கும் இடையிலிருந்த சுவர் மெல்ல மெல்லக் கரைகிறது. மாயக் கண்ணாடி வாயிலில் அட்ரேயு தன் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில், பரணில் போர்வை போர்த்திப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பருத்த சிறுவனைப் பார்க்கிறான். அந்த வரியைப் படித்து பாஸ்டியன் திடுக்கிடுகிறான், நாமும்தான்.

பன்னிரண்டாம் அத்தியாயம் அதன் உச்சம். அலையும் மலையின் முதியவர் நடப்பதையெல்லாம் நடக்கும் கணத்திலேயே ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் எழுதுவது நடக்கிறதா, நடப்பதை அவர் எழுதுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. தயங்கிக்கொண்டே இருக்கும் பாஸ்டியனை வரவழைப்பதற்காக, முதலிலிருந்து கதையைச் சொல்லும்படி பேரரசி அவருக்குக் கட்டளையிடுகிறாள். புத்தகக் கடையிலிருந்து தொடங்கி முதியவரின் முட்டை வடிவ வீடு வரை வந்த கதை, மீண்டும் புத்தகக் கடைக்குத் திரும்புகிறது. பேரரசிக்கான புதிய பெயரைப் பாஸ்டியன் கூவாவிட்டால் எல்லோரும் அந்தச் செக்கிலேயே என்றென்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாயப் புத்தகத்தைப் பற்றிய நாவலில் இதைவிடத் துல்லியமான ஒரு காட்சியை நான் படித்ததில்லை.

அதன்பின் பாஸ்டியன் ஃபன்டாஸ்டிகாவுக்குள் போய்விடுகிறான். அவன் விரும்புவதெல்லாம் நடக்கிறது. அழகாக வேண்டும் என்றால் அழகாகிறான். வலிமை வேண்டும் என்றால் வலிமை வருகிறது. நகரங்கள், சிங்கங்கள், போட்டிகள், வாள், சூனியக்காரி என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டது எல்லாம் கிடைக்கும் ஒருவனுக்காக நான் எதற்கு அஞ்ச வேண்டும்? 26 அத்தியாயங்களில் சரிபாதியில் கதையின் பதைப்பு அறுந்துபோகிறது. 1984இல் வந்த திரைப்படமும் முற்பாதியோடு நிறுத்திக்கொண்டது என்பதைப் பார்க்கும்போது, எங்கள் வட்டத்தின் நால்வர் தனித்துவிடப்பட்டவர்கள் அல்லர் என்றே தோன்றுகிறது.

என் கேள்வி இரண்டு. இந்தச் சோர்வு நாவலின் குறையா, அல்லது ஆசிரியர் வேண்டுமென்றே செய்ததை நான் பிடிக்கத் தவறினேனா? பன்னிரண்டு வயதுள்ள என் அண்ணன் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா?

கோட்டோவியன் எழுதியது:

நீங்கள் எந்தப் பதிப்பில் படித்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். மின்னூலிலோ ஒற்றை மையில் அச்சிட்ட மலிவுப் பதிப்பிலோ படித்திருந்தால், பிற்பாதியின் சாவி உங்கள் கைக்கு வந்துசேரவே இல்லை என்று அஞ்சுகிறேன். நூல் வடிவமைப்பை வைத்துப் பிழைப்பவன் என்பதால் இதை மிகையாகச் சொல்கிறேனோ என்ற ஐயம் எனக்கே உண்டு, இருந்தாலும் கேளுங்கள்.

மூலப் பதிப்பு இரண்டு நிறங்களில் அச்சானது. மனித உலகில் நடப்பவை சிவப்பிலும், ஃபன்டாஸ்டிகாவில் நடப்பவை பச்சையிலும் இருக்கும். பாஸ்டியன் கையிலுள்ள புத்தகமும் இரு நிற எழுத்தில் அச்சாகியிருப்பதாகக் கதையிலேயே வருகிறது. ஆகவே பொருளாகக் கையில் கனக்கும் புத்தகம், கதைக்குள் இருக்கும் புத்தகத்தின் இரட்டையாகிவிடுகிறது. முற்பாதியில் பச்சைக்கு நடுவே சிவப்பு வந்துகொண்டே இருக்கும்: பள்ளி மணிக்கூண்டு அடிக்கும், பாஸ்டியனுக்குப் பசிக்கும், குளிரும், மெழுகுவத்தி ஏற்றுவான், மீண்டும் பச்சைக்குள் அமிழ்வான். பதின்மூன்றாம் அத்தியாயத்திலிருந்து சிவப்பு மறைந்துவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் அவன் பரணுக்குத் திரும்பும்போதுதான் மீண்டும் கண்ணில் படுகிறது.

நான் முதன்முறை படித்தபோது சிவப்பு மறைந்ததைக் கவனிக்கவே இல்லை. பல அத்தியாயங்கள் கடந்து, பாஸ்டியனுக்குத் தன் ஊரோ பள்ளியோ நினைவில் இல்லை என்ற வரி வந்தபோதுதான் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, நானும் அந்த நிறத்தை மறந்திருந்தேன் என்று உணர்ந்தேன். ஒவ்வொரு விருப்பத்துக்கும் விலையாக ஒரு நினைவு போகிறது என்பதை நாவல் வாயால் சொல்வதற்கு முன்பே மையால் செய்துகாட்டிவிடுகிறது. சில பதிப்புகளில் நிறத்துக்குப் பதில் மனித உலகுக்குச் சாய்வெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். சாய்வெழுத்து இல்லாமற் போவது யாருக்கும் ஓர் இழப்பாகத் தோன்றாது. நேரெழுத்துத்தானே நமக்கு இயல்பு? கண் ஓய்வடைந்ததாகவே கருதும்.

இன்னொரு அச்சு நுட்பமும் உண்டு. 26 அத்தியாயங்களும் A முதல் Z வரையிலான 26 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன. முதற்பதிப்பில் ஒவ்வொன்றுக்கும் ரோஸ்வித்தா குவாட்ஃப்ளீக் ஒரு முழுப்பக்க எழுத்தோவியம் வரைந்திருக்கிறார். ஒரு மொழியின் எழுத்துகள் அத்தனையையும் தொட்டு முடிந்தால், அந்த மொழியில் சொல்லக்கூடிய எல்லாக் கதைகளும் அதற்குள் அடங்கிவிட்டன என்பது குறிப்பு. பிற்பாதியில் பழைய பேரரசர்களின் நகரம் என்றோர் இடம் வருகிறதே, அங்கே நினைவெல்லாம் இழந்தவர்கள் எழுத்துகள் பொறித்த பகடைகளை எறிந்துகொண்டிருப்பது இதன் கொடூரமான மறுபக்கம். எண்ணற்ற முறை எறிந்தால் என்றாவது ஒருநாள் எல்லாக் கதைகளும் விழுந்துவிடும் என்கிறது அவர்களைக் காவல் காக்கும் குரங்கு. எழுத்து இருக்கிறது, விரும்புகிறவன் இல்லை. அந்த நான்கைந்து பக்கங்களுக்காக மட்டுமே பிற்பாதியை நான் மன்னிப்பேன்.

இதைத் தமிழில் எப்படிச் செய்வது என்று சில நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நம் எழுத்துகளில் ண, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லுக்கு முதலில் வாரா. ஔவையார் இதே சிக்கலை ஆத்திசூடியில் எதிர்கொண்டு, ளகரத்துக்கு ‘இளமையில் கல்’ என்றும் றகரத்துக்கு ‘அறனை மறவேல்’ என்றும் எழுத்தை இரண்டாம் இடத்தில் வைத்துச் சமாளித்திருக்கிறார். முன்னோடி இருக்கிறார், ஆனால் 26 அத்தியாயக் கதையை 12 உயிர், ஓர் ஆய்தம், 18 மெய் என்று 31 ஆக்குவதா, சுருக்குவதா என்பது மொழிபெயர்ப்பாளரின் தலைவலி.

குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், இதுதான்: அச்சு நுட்பத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றிய நாவல், அந்த நுட்பம் கழன்றுபோன பதிப்பில் நொண்டுகிறது. எழுத்தாளர் தன் சொற்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்பவர்களுக்கு என்னிடம் விடையில்லை.

அரைநெல்லி எழுதியது:

கோட்டோவியன் அவர்களின் நிற விளக்கத்தைப் படித்து வியந்தேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இரு நிறப் பதிப்பில்தான் படித்தேன், இரண்டு முறை. இரண்டு முறையும் பிற்பாதியில் தூங்கினேன்.

பாஸ்டியன் தன்னை இழந்துகொண்டே போவதுதான் பிற்பாதியின் நோக்கம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆசிரியர் மறைத்தும் வைக்கவில்லை. மறைத்து வைக்காததுதான் என் முதல் குற்றச்சாட்டு. அவன் அழகனானதும், தான் பருத்திருந்ததை மறந்துவிட்டான் என்று கதைசொல்லி நமக்கு அறிவிக்கிறார். அடுத்த விருப்பம் நிறைவேறியதும் அடுத்த மறதி அறிவிக்கப்படுகிறது. வட்டிக்கடைக்காரர் பேரேட்டில் வரவு எழுதி எதிரே பற்று எழுதுவதுபோல் இது நடந்துகொண்டே இருக்கிறது. பாஸ்டியன் ஏதோ ஒன்றைச் சொல்லப்போய்ச் சொல் கிடைக்காமல் தடுமாறுவதையும், அட்ரேயு அதைக் கண்டு முகம் மாறுவதையும் நமக்குக் காட்டிவிட்டு, எது போயிற்று என்று நாமே கண்டுபிடிக்கும்படி விட்டிருந்தால் முதுகுத்தண்டு சில்லிட்டிருக்கும். அட்ரேயு எச்சரிக்கும் இடங்களில் அந்த வாய்ப்பு இருந்தது. ஆசிரியர் பாதியளவுதான் பயன்படுத்தினார்.

இரண்டாவது, ஸாயிடே. முற்பாதியில் வரும் தீய உருவங்களை எண்ணிப்பாருங்கள். ஓநாய் குமோர்க்குக்கு ஒரு துயரம் இருக்கிறது. எந்த உலகமும் தனக்குச் சொந்தமில்லை என்ற கசப்பு இருக்கிறது. ஒரே உடலாகத் திரளும் பூச்சிக்கூட்டமான இக்ராமுலோடு அட்ரேயுவால் பேரம் பேச முடிகிறது. ஸாயிடேவோ முகத்துதி செய்து இளவரசனைக் கெடுக்கும் மந்திரக்காரி. அந்த வேலைக்கென்று ஆயிரம் கதைகளில் வந்துபோனவள். உள்ளீடற்ற இரும்புக் கவச வீரர்களைத் தன் மனவலிமையால் நடத்துகிறாள் என்பது நல்ல கற்பனை. ஆனால் கடைசியில் அதே கவசங்களின் காலடியில் மிதிபட்டுச் சாகும் வரை, அவளுக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பாஸ்டியனின் வீழ்ச்சியில் பாதிப் பழியை அவள் தலையில் கட்டிவிட்டதால், அவனே தன் ஆசையால் கெட்டான் என்ற கூர்மை மழுங்கிப்போகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. அமர்கந்த் என்ற வெள்ளி நகரத்தில் ஹின்ரெக் என்ற வீரன், தான் விரும்பும் இளவரசியின் முன்னால் அவமானப்பட்டு நிற்கிறான். அவனுக்கு ஒரு வீரச்செயல் வாய்க்கட்டும் என்று பாஸ்டியன் ஸ்மெர்க் என்ற கொடிய டிராகனைக் கற்பனை செய்கிறான். கற்பனை செய்த மாத்திரத்தில் டிராகன் உண்டாகிவிடுகிறது, இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒருவனுடைய காதலுக்குச் சுவை கூட்டுவதற்காக உலகத்தில் ஒரு தீமையை உண்டாக்கிவிட்டோமே என்று பாஸ்டியன் ஒரு கணம் நடுங்குகிறான். கதை சொல்பவன் என்ற தொழிலைப் பற்றி இந்த நாவல் எழுப்பும் மிகக் கடுமையான கேள்வி இது. அதற்கு என்ன ஆயிற்று? ஹின்ரெக் குதிரையேறிப் புறப்படுகிறான். அது வேறொரு கதை, வேறொரு சமயம் சொல்லப்படும் என்று ஆசிரியர் கையை உதறிவிடுகிறார்.

அந்த வாசகம் முற்பாதியில் வரும்போதெல்லாம் எனக்கு இனித்தது. ஃபன்டாஸ்டிகா எல்லையற்றது, ஒவ்வொரு வழிப்போக்கனுக்குப் பின்னாலும் ஒரு காவியம் நிற்கிறது என்ற உணர்வைக் கொடுத்தது. பிற்பாதியில் அதே வாசகம் கடனைத் தள்ளிப்போடுபவரின் ‘நாளைக்கு வாருங்கள்’ ஆகிவிடுகிறது. நம்மூர் விக்கிரமாதித்தன் கதையிலும் கதைக்குள் கதை போய்க்கொண்டேயிருக்கும். ஆனால் பதுமை தான் சொல்லத் தொடங்கியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்தவளுக்கு இடம் விடுவாள்.

பழுப்புத்தாள் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நான் மின்னூலில்தான் படித்தேன். நிறம் பற்றிய செய்தியே எனக்குப் புதிது.

அரைநெல்லி அவர்கள் குமோர்க்கைக் குறிப்பிட்டதும் அந்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இன்மைக்குள் விழும் ஃபன்டாஸ்டிகா மக்கள் அழிந்துபோவதில்லை, மனித உலகத்தில் பொய்களாக வந்துசேர்கிறார்கள் என்று ஓநாய் சொல்லும் இடத்தை முதன்முறை வேகமாகக் கடந்துவிட்டிருக்கிறேன். இப்போது படிக்கும்போது, குழந்தைகளுக்கான கதை ஒன்றில் இவ்வளவு கசப்பான ஓர் எண்ணம் எப்படி வந்தது என்று வியப்பாக இருக்கிறது. பிற்பாதியோடு இதற்குத் தொடர்பு உண்டா, அல்லது முற்பாதியோடு மறக்கப்பட்டுவிட்டதா?

நூலகப்படி எழுதியது:

தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் அதைச் சொல்லச் சற்று சுற்றிவர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்டே 1929இல் பிறந்தவர். அவர் தந்தை எட்கர் எண்டே மீமெய்யியல் (சர்ரியலிச) ஓவியர். அவருடைய கலை நாஜி ஆட்சியால் தடைசெய்யப்பட்டது, 1944இல் மியூனிக் நகரின் மேல் விழுந்த குண்டுகளில் அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. சிறுவயதில் இதையெல்லாம் கண்ட ஒருவருக்குக் கற்பனை என்பது தன்னளவில் நல்லது என்று எழுதிவிட முடியாது. ஏனென்றால் ஒரு நாடு முழுவதும் ஒரு பொய்க்கதையை நம்பி நடந்ததை அவர் பார்த்திருக்கிறார். குமோர்க் சொல்வது அதுதான். கற்பனை தன் இடத்தில் இருக்கும்வரை கற்பனை. அதன் இடம் அழிந்து, அது நிஜம்போல வேடமிட்டு மனிதருக்குள் புகுந்தால் பொய். அந்தப் பொய்களைக் கொண்டு மனிதர்களை எதையும் நம்ப வைக்கலாம், எதையும் செய்ய வைக்கலாம் என்று அந்த ஓநாய் எவ்வளவு நிதானமாகச் சொல்கிறது பாருங்கள்.

முற்பாதியில் இது ஒரு பாத்திரத்தின் வாய்ச்சொல். பிற்பாதியில் இதுவே கதைநாயகனுக்கு நேர்கிறது. பாஸ்டியன் தன்னைப் பற்றியே ஒரு கதையைப் புனைந்து, அதற்குள் குடியேறி, மெய்யான தன்னை மறந்துவிடுகிறான். அமர்கந்தில் அவன் செய்வதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த நகரத்தார் கதைசொல்லிகள். அவர்களுக்கு ஒரு கதை பரிசளிக்கிறேன் என்று தொடங்கி, அங்கே நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தைத் தன் சொந்தப் படைப்புகளின் நூலகமாக அவன் மாற்றிவிடுகிறான். கதவு திறக்கிறது, உள்ளே வரிசை வரிசையாக அவன் பெயர் தாங்கிய நூல்கள். நூலகத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காட்சி எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புத்தகம் திருடிப் படித்த பையன், தன்னுடைய புத்தகங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு நூலகத்துக்கு வந்துசேர்ந்துவிட்டான். மாயப் புத்தகம் என்ற கருவை மகிழ்ச்சியாக மட்டுமே எழுதுவோர் இந்த அறைக்குள் நுழைவதில்லை.

அரைநெல்லி அவர்கள் கடன் தீர்க்கப்படவில்லை என்கிறார். ஸ்மெர்க் விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் ஒரு கடன் மிகக் கடுமையாக வசூலிக்கப்படுகிறது. அக்காரிகள் என்ற அருவருப்பான புழு உருவங்கள் தங்கள் அழகின்மையை எண்ணி இடைவிடாமல் அழுகின்றன. அந்தக் கண்ணீரில் கழுவப்பட்டு வருவதுதான் அமர்கந்தை எழுப்பிய வெள்ளி. பாஸ்டியன் இரக்கப்பட்டு அவற்றை எப்போதும் சிரிக்கும் வண்ணத்துப்பூச்சிக் கோமாளிகளாக மாற்றிவிடுகிறான். நல்லெண்ணம்தான், அதில் தன் பெருமையும் கலந்திருக்கிறது. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், பார்வையற்ற யோரின் படச் சுரங்கத்தில் நாள்கணக்கில் மண்டியிட்டுத் தோண்டி, அவன் ஒரே ஒரு படத்தை மீட்டெடுக்கிறான். மறந்துபோன கனவுகள் மெல்லிய தகடுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும் சுரங்கம் அது. அந்தப் படத்தில் வெண்ணிற அங்கியணிந்த ஒரு மனிதர், கையில் பல்வரிசையின் அச்சோடு, பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டு நிற்கிறார். பல் கட்டும் தொழில் செய்யும் தன் தந்தை என்று பாஸ்டியனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு வந்து அந்தப் படத்தைத் தூளாக்குவது யார்? அதே கோமாளிகள். இதைவிட இறுக்கமாக விதைத்ததையும் அறுத்ததையும் கட்டிக்காட்டிய இடம் முற்பாதியில் இல்லை. குண்டுவீச்சில் எரிந்த ஓவியங்களின் மகன் எழுதிய படச் சுரங்கம் என்று நினைத்துப் படிப்பது என் சொந்தப் பழக்கம். ஆசிரியர் அப்படி எண்ணினாரா என்பது இருக்கட்டும்.

ஜெர்மனியில் அக்காலத்தில் இவரை நிஜத்திலிருந்து தப்பியோடும் இலக்கியம் எழுதுபவர் என்று சாடியவர்கள் இருந்தார்கள். அவர்களும் உங்கள் வட்டத்து நால்வரைப்போல் பாதியில் மூடியவர்களோ என்னவோ. தப்பியோடுவதன் விலையை இவ்வளவு விரிவாகக் கணக்கிட்ட வேறு நாவல் கிடைப்பது அரிது. திரைப்படத்தின் மீது எண்டே கடுமையாகச் சினந்து, தன் பெயரை அதிலிருந்து எடுக்கச் சொன்னதும் இந்தப் பின்னணியில் புரியும். போவதை மட்டும் காட்டித் திரும்பிவருவதை விட்டுவிட்டால், அவர் மறுக்க நினைத்ததையே அந்தப் படம் ஊக்குவிப்பதாக ஆகிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் கொர்னேலியா ஃபுங்கேயின் ‘மைநெஞ்சு’ இருக்கிறது, 2003இல் வந்தது. அதிலும் வாய்விட்டுப் படிப்பவரின் குரலுக்குப் புத்தகத்திலிருந்து மனிதர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள், வெளியே இருப்பவர் உள்ளே போய்விடுகிறார். பழைய நூல்களின் மணம், புத்தகம் கட்டும் கைத்தொழில் ஆகியவற்றில் அந்த நூல் எண்டேயை மிஞ்சுகிறது. அதன் நாயகியான சிறுமி மெகியின் தந்தை மோ புத்தகக் கட்டுநர் என்பதால் பசை, தோல், நூல் எல்லாம் கதையில் கமழ்கின்றன. ஆனால் அதில் விலை தற்செயலாக விழுகிறது: யார் உள்ளே போவார் என்று படிப்பவருக்கே தெரியாது. எண்டேயிடம் விலை விரும்புகிறவனிடமே, அவனுக்குத் தெரியாமல் வசூலிக்கப்படுகிறது. முன்னது பரபரப்பான கதை; பின்னது வலிக்கும் கதை.

உங்கள் அண்ணன் மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. பருத்த உடலைக் குறித்த கேலியும், முதலில் அழகனாக வேண்டும் என்ற அவனுடைய ஏக்கமும் அந்த வயதுப் பிள்ளைகளைத் தைக்கக்கூடும். இறுதியில் அவன் வாழ்வின் நீரில் குளித்துவிட்டு, தான் எப்படி இருக்கிறானோ அப்படியே இருக்க விரும்புகிறான் என்று வருகிறது. ஆனால் அந்த வரிக்கு வந்துசேர 26ஆம் அத்தியாயம்வரை பொறுமை வேண்டும். பாதியில் நிறுத்தும் பிள்ளைக்கு அழகனாகிவிட்டவன் மட்டுமே மிஞ்சுவான். ஆகவே கூட உட்கார்ந்து படியுங்கள்.

அரைநெல்லி எழுதியது:

படச் சுரங்கத்தை நான் மறுக்கவில்லை. அக்காரிகள் திரும்பிவரும் இடத்தை முதல் வாசிப்பில் நான் சரியாக இணைத்துப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வாதத்தை வைத்தே ஒன்று கேட்கிறேன். சுரங்கத்துக்குச் சற்று முன்னால் வரும் மாற்றங்களின் வீட்டில், தன் மேனியில் கனிகள் விளையும் ஐயோலா அம்மையார் பாஸ்டியனை மடியில் வைத்து ஊட்டி வளர்க்கிறாள். இறந்த தாயின் இடம் அது என்று யாருக்கும் தெரியும். அப்படியிருக்க, அவன் தன் தாயை நினைத்து ஒருமுறையாவது அழுதானா? தாயின் நினைவும் தந்தையின் நினைவும் அங்கேதான் கரைந்துபோகின்றன. துக்கம் துக்கமாகப் பேசப்படுவதற்குள் வாழ்வின் நீர் வந்து அதைக் கழுவிவிடுகிறது. வீடு திரும்பியவுடன் தந்தையின் கண்ணில் நீர் தெரிகிறது, எல்லாம் சரியாகிவிட்டது. எத்தனையோ அத்தியாயங்களாக விலை கணக்கிட்ட நாவல், கடைசிக் கணக்கை இவ்வளவு விரைவாக முடித்துக்கொள்ளலாமா?

கோட்டோவியன் எழுதியது:

அந்தத் தந்தை காட்சி சிவப்பில் அச்சாகியிருக்கிறது. அரைநெல்லி அவர்கள் மூன்றாம் முறை படிப்பதாக இருந்தால், தந்தை மகனைக் காணாமல் இரவெல்லாம் தேடிக் களைத்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: பாஸ்டியன் கதையை நாள் முழுவதும் சொல்லச் சொல்ல அவர் குறுக்கிடாமல் கேட்கிறார். தாய் இறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நடக்காதது அது. விரைவு என்ற குற்றச்சாட்டு நிற்கிறது. ஆனால் அழுகை அங்கே இருக்கிறது, தந்தையிடம்.

பழுப்புத்தாள் அவர்களுக்கு ஒரு செய்தி. பழைய புத்தகக் கடையில் தேடும்போது நடுப்பக்கத்தைத் திறந்து நிறம் பார்க்காதீர்கள். அங்கே ஒரே பச்சையாகத்தான் இருக்கும், ஒற்றை மைப் பதிப்பு என்று நினைத்துத் திருப்பி வைத்துவிடுவீர்கள். முதல் ஐம்பது பக்கங்களுக்குள் புரட்டிப் பாருங்கள்.